பிள்ளைகளின் இரவும் கைப்பேசியும்



சுங்கை பாக்காப் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து வீடு. இரவு மணி ஒன்று. தகப்பனார் பத்து காவான் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போயிருக்கிறார். தாயார் செம்பனைத் தோட்டத்தில் பகலெல்லாம் உழைத்துவிட்டு அசதியில் உறங்குகிறார். தண்ணீர் குடிப்பதற்காக எழுந்தவர், மகன் படுத்திருக்கும் அறையில் நீல வெளிச்சம் தெரிவதைப் பார்க்கிறார். போர்வைக்குள்ளே கைப்பேசி. பையனுக்கு வயது பதினான்கு. இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம். ஐந்தேகால் மணிக்கு எழுந்து பள்ளி வேனைப் பிடிக்க வேண்டியவன்.

"இன்னும் தூங்கலையா, தம்பி?"

"படிக்கிறேம்மா."

அதற்கு முந்திய வாரந்தான் வகுப்பாசிரியர் தாயாரை அழைத்து, "உங்கள் மகன் வகுப்பில் உறங்கி விழுகிறான், என்னவென்று கவனியுங்கள்" என்று சொல்லியிருந்தார். அந்த வெட்கமும் உடல் அசதியும் சேர்ந்துகொண்டன. தாயார் கைப்பேசியைப் பிடுங்கிச் சுவரில் ஓங்கி அடித்துவிட்டார். மாதாமாதம் தவணை கட்டி வாங்கிய பொருள் நொறுங்கிப் போயிற்று. பையன் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

இது நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. பெயர் வேண்டாம். பெயரைச் சொல்லாமலேயே, "இது எங்கள் வீட்டுக் கதைபோல இருக்கிறதே" என்று நேயர்களில் பலர் நினைப்பீர்கள். அந்தப் பையன் இரவில் விழித்திருந்ததற்கு உண்மையான காரணம் என்ன என்பதைச் சற்றுப் பிறகு சொல்வோம். அதற்கு முன் நாம் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கைப்பேசி நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது? சில வீடுகளில் அது முன்பே இருந்தது என்பது உண்மை. ஆனால் பள்ளிப் பிள்ளையின் கையில் அதை நிலையாகக் கொடுத்தது கொரோனா காலந்தான். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசி வழியாக வீட்டுக்கு வந்தன. அவ்வாண்டு கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் பாடம் படிக்க எந்தக் கருவியுமே இல்லை என்று தெரியவந்தது. தோட்டத்து மக்களுக்கு இந்த எண்ணிக்கையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அண்ணன், தங்கை, தம்பி மூவரும் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்ததும், அலை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் நடந்ததும் நம் நினைவில் இன்னும் இருக்கின்றன. அந்த நிலையில், பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடக்கூடாதே என்று நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம்.

ஆகவே, அதை வீட்டுக்குள் அழைத்து வந்தவர்கள் நாமே. நல்ல எண்ணத்தோடுதான் அழைத்து வந்தோம். கொரோனா போய்விட்டது; பள்ளிகள் திறந்துவிட்டன; கைப்பேசி மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. இதற்காகப் பிள்ளையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையாகுமா?

சரி, கைப்பேசியால் பிள்ளைக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கண் வலி, கழுத்து வலி, கிட்டப்பார்வை என்று பல உண்டு. கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட, பிள்ளைகள் நாள்தோறும் வெளிச்சத்தில் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகவே தைவான் நாட்டுப் பள்ளிகளில் 2010-ஆம் ஆண்டு முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கச் செய்யும் திட்டத்தை வகுத்தார்கள். நமக்கு அதற்குத் திட்டம் வேண்டியதில்லை. பக்கத்திலேயே திடல் இருக்கிறது. பந்து ஒன்று இருந்தால் போதும். ஆனால் இன்று நாம் முக்கியமாகப் பேச விரும்புவது வேறொன்றைப் பற்றி. அதுதான் உறக்கம்.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஓர் இரவில் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். ஐந்தேகால் மணிக்கு எழும் பிள்ளைக்கு எட்டு மணி நேரம் கிடைக்க வேண்டுமானால், அவன் ஒன்பதேகால் மணிக்கு உறங்கியிருக்க வேண்டும். இரவு ஒரு மணிக்குப் படுக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம். பாதிச் சம்பளத்தில் முழுக் குடும்பத்தை நடத்தச் சொல்வது போன்றது இது.

உறக்கம் என்பது வெறும் ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் பெரியவர்கள் ஏன் விடியுமுன்பே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரைக்குப் போனார்கள்? இரவெல்லாம் மரம் வேர் வழியாக நீரை வாங்கித் தன்னை நிரப்பிக்கொள்கிறது. அதனால் குளிர்ந்த விடியற்காலையில் வெட்டினால் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். மரம் இரவில் சும்மா நிற்பதுபோல் நமக்குத் தெரிகிறது. ஆனால் மறுநாள் பாலை அது அப்போதுதான் சேர்க்கிறது. பிள்ளையின் உடலும் அப்படித்தான். ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சிக்கான சுரப்பு மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் படித்த பாடம் மூளையில் பதிவதும், மனத்தின் கொந்தளிப்பு அடங்குவதும் உறக்கத்தின் போதுதான்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது மரத்துக்குக் கொடுக்கும் ஓய்வு. பேராசைப்பட்டு ஓய்வின்றி வெட்டிக்கொண்டே போனால், மரம் வெளியே பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் பட்டை காய்ந்து பால் வறண்டுவிடும். உறக்கம் கெட்ட பிள்ளையும் பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பான். சினம் மட்டும் மூக்குமேல் நிற்கும். படித்தது நினைவில் நிற்காது. காலை உணவு இறங்காது. எதிலும் மனம் ஒட்டாது. நாம் அதைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் சொல்லிவிடுகிறோம்.

இங்கே பெற்றோர்கள் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பருவம் அடையும் வயதில் பிள்ளைகளின் உடற்கடிகாரமே சற்றுப் பின்தள்ளிப் போகிறது. உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு அந்த வயதில் பெரியவர்களைவிடத் தாமதமாகவே சுரக்கிறது. பத்து மணிக்கும் உறக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது பொய்யல்ல. அந்த நேரத்தில் கண்ணுக்கு நேரே ஒளியைப் பிடித்தால் அந்தச் சுரப்பு மேலும் தள்ளிப்போகும். ஒளியைவிடப் பெரிய காரணம் அதில் நடக்கும் செய்திதான். விளையாட்டில் வெற்றி தோல்வி, நண்பர்களின் பேச்சு, அடுத்தடுத்து ஓடிவரும் காணொளி இவையெல்லாம் மனத்தைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கின்றன.

நம் பெரியவர்கள் கள்ளுக்கடையைக் கண்டவர்கள். சம்பள நாளில் அது குடும்பங்களை எப்படி உருக்குலைத்தது என்பதையும் கண்டவர்கள். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் நமக்கு வடக்கே கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற இளைஞர் இயக்கம் கள்ளுக்கடைக்கு எதிராக எழுந்தது. பீடோங் வட்டாரத்தில் அவர்கள் போலீசாரின் அடியையும் தாங்கினார்கள். கைப்பேசியைக் கள்ளோடு ஒப்பிடுவது முழுக்கப் பொருந்தாது. கள்ளைக் குடித்துவிட்டு எவரும் பாடம் படித்ததில்லை, கைப்பேசியில் படிக்கிறார்கள். வெளியூரில் இருக்கும் அக்காவோடு முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். கள்ளுக்கடை வீட்டுக்கு வெளியே இருந்தது. அதற்கு மூடும் நேரம் ஒன்றும் இருந்தது. கைப்பேசிக்குள் இருக்கும் கடை தலையணைக்கு அடியிலேயே இருக்கிறது. அதற்கு மூடும் நேரமே இல்லை. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வருகிறது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு விளம்பர வருமானம் என்பதால், நிறுத்தவிடாமல் பார்க்கவைக்கும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் கூடிச் செய்த வலையிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளை தன் மனவுறுதியால் மட்டும் தப்பிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களிடையே மனச்சோர்வைக் கணக்கெடுத்தது. 2017-ஆம் ஆண்டில் 18.3 விழுக்காட்டினரிடம் அது காணப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் 26.9 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. அதாவது, நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு. இடையில் கொரோனா வந்தது. குடும்பங்களில் வருமானம் குறைந்தது. எல்லாவற்றையும் கைப்பேசியின் தலையில் கட்டிவிட முடியாது. ஆயினும், மனம் சோர்ந்த பிள்ளை உறக்கமில்லாமல் கைப்பேசியை நாடுகிறது. கைப்பேசி மேலும் உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கம் கெட்டால் மனம் மேலும் சோர்கிறது. இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

இப்போது அந்தப் பையனிடம் வருவோம். மூன்றாம் நாள் இரவு தகப்பனார் வேலைக்குப் போகவில்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். "அடிக்க வரலை, ஐயா. ராத்திரியில என்னதான் பார்த்தே? சொல்லு" என்று கேட்டார். வெகுநேரம் கழித்துப் பையன் சொன்னான். நம் செய்தித்தாள்கள் புலனம் என்று எழுதும் வாட்ஸ்அப்பில், வகுப்புப் பிள்ளைகள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் இவனுடைய படத்தைப் போட்டு, நிறத்தையும், பல்லையும், கிழிந்த காலணியையும் சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் அது உச்சத்துக்குப் போகும். அடுத்து என்ன எழுதப்போகிறார்களோ என்ற அச்சத்தில் அவன் உறங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் விளையாடவும் இல்லை. படம் பார்க்கவும் இல்லை. தன்னை ஏசுவதைத் தானே காவல் காத்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று தாயார் கேட்டார்.

"சொன்னா போனைப் பிடுங்கிடுவீங்கன்னு நினைச்சேன்மா."

நேயர்களே, இன்றைய பேச்சின் சாரமே இந்த ஒரு வரிதான். பிள்ளைகள் வாய் திறக்காததற்கு இதுவே பெரிய காரணம். கேலி செய்பவன் ஒருபுறம், நிர்வாணப் படம் கேட்டு மிரட்டும் முகந்தெரியாத ஆள் ஒருபுறம், பணம் பறிப்பவன் ஒருபுறம் என்று ஆபத்து எதுவானாலும், சொன்னால் தண்டனை தனக்குத்தான் என்று பிள்ளை நினைத்துவிட்டால், அது தனியாகவே அந்தப் பாரத்தைச் சுமக்கும்.

கேலிதானே என்று நாம் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம், டிக்டாக்கில் ஈஷா என்ற பெயரில் பலரும் அறிந்திருந்த ராஜேஸ்வரி, கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டார். இணையத்தில் தமக்கு வந்த மிரட்டலையும் ஏச்சையும் பற்றி அவர் முன்பே போலீசில் புகார் செய்திருந்தார். பெரியவர் ஒருவரையே அது அந்த எல்லைக்குக் கொண்டுபோயிற்று. அந்த வழக்கில் பெண் ஒருவருக்கு நூறு வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பழைய சட்டப்படி அந்தக் குற்றத்துக்கு அதுவே உச்ச அபராதம். நாடே கொதித்தது. அதன் பயனாகக் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, பகடிவதையைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கும் பிரிவுகள் 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடப்புக்கு வந்தன. ஆகவே, பிள்ளையை எவரேனும் இணையத்தில் துன்புறுத்தினால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அந்தச் செய்திகளை அழித்துவிடாமல், படமெடுத்து வைத்துக்கொண்டு, பள்ளியிலும் தேவையானால் போலீசிலும் காட்டலாம்.

ஆஸ்திரேலியாவில் 2025-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் முதல், 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பது தடுக்கப்பட்டது. நம் அரசாங்கமும் அந்த வயது வரம்பைக் கொண்டுவரப்போவதாக அதற்கு முந்திய நவம்பரில் அறிவித்தது. நம் நாட்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் எந்தச் சட்டமும் இரவு ஒரு மணிக்கு நம் வீட்டுக்குள் வந்து போர்வையை விலக்கிப் பார்க்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, கைப்பேசிக்கு ஓர் உறங்கும் நேரத்தையும் உறங்கும் இடத்தையும் ஏற்படுத்துங்கள். அந்தப் பையன் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னைச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் அதற்குள் போய்விடும். கூடத்தில்தான் மின்னேற்றம். ஒன்பது மணி முடியாவிட்டால் ஒன்பதரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளுக்கொரு நேரம் வேண்டாம். எழுவதற்கு மணி அடிக்க வேண்டுமே என்றால், சிறிய மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, பெற்றோரின் கைப்பேசியும் அதே டின்னுக்குள் போக வேண்டும். நாம் படுக்கையில் சிரிப்புக் காணொளி பார்த்துக்கொண்டு பிள்ளையை உறங்கச் சொன்னால் அது எடுபடாது. இரவு வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்காக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாக, பிடுங்காதீர்கள், உடைக்காதீர்கள். "நீ எதைச் சொன்னாலும் அதற்காக உன் போனைப் பிடுங்க மாட்டோம்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். வாக்கு ஒருமுறை தவறினால் பிள்ளை மறுமுறை வாய் திறக்காது.

நான்காவதாக, கைப்பேசியை எடுத்த இடத்தில் வேறொன்றை வையுங்கள். மாலையில் திடல், வீட்டு வேலையில் ஒரு பங்கு, கோயில் திருவிழா வேலை, இரவுச் சாப்பாட்டை எல்லாரும் சேர்ந்து உண்பது என்று எதுவாகவும் இருக்கலாம். பெண் பிள்ளைகளையும் வெளியே விளையாட விடுங்கள். வேறு போக்கிடம் இல்லாத பிள்ளைதான் கைப்பேசிக்குள் குடிபோகிறது.

ஐந்தாவதாக, பிள்ளை பல நாள் சாப்பிடாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல் பேசினாலோ, காத்திருக்க வேண்டாம். திருநீறு பூசுங்கள், வேண்டுதல் வையுங்கள், அவற்றோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அரசாங்கச் சுகாதார நிலையம் இருக்கிறது. சுங்கை பாக்காப்பிலேயே அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். தொலைபேசியில் பேச விரும்பினால், சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் எண்ணும், இரவும் பகலும் இயங்கும் தாலியான் காசே 15999 என்ற எண்ணும் இருக்கின்றன. உயிரை மாய்க்க முயல்வது குற்றம் என்றிருந்த பழைய சட்டப்பிரிவு 2023-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, போலீஸ் வருமோ என்ற பயம் வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு மருந்து வாங்க வெட்கப்படாத நாம், மனத்துக்கு மருந்து வாங்க மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அந்தப் பையனின் தகப்பனார் பள்ளிக்குப் போய்க் கட்டொழுங்கு ஆசிரியரையும் ஆலோசக ஆசிரியரையும் பார்த்தார். கேலி செய்த பிள்ளைகளின் பெற்றோரும் அழைக்கப்பட்டார்கள். அவர்களும் நம்மைப்போல் உழைக்கிறவர்கள்தாம். தங்கள் பிள்ளைகள் இரவில் செய்துகொண்டிருந்தது அவர்களுக்கும் தெரியாது. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. டின்னைக் கண்டு பையன் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தான். தகப்பனாருக்கும் கை பரபரத்தது. ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் அவன் வகுப்பில் உறங்குவது குறைந்தது. காலையில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறுகிறான் என்று தாயார் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நாம் மறக்க முடியாது.

பால்மரத்தின் இரவை மதித்து வாழ்ந்தவர்கள் நம் முன்னோர்கள். நம் பிள்ளைகளின் இரவையும் நாம் அப்படியே காப்போம். இன்றிரவு ஒரு பழைய டின்னைத் தேடி எடுங்கள். அதில் முதலில் உங்கள் கைப்பேசியை வையுங்கள். பிறகு பிள்ளையை அழைத்து, "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.